பாரிமுனையில் கடை விரித்தது

சாத்தூரில் ஏறி எழும்பூரில் இறங்கியபோது
மணி ஐந்தே முக்கால். முதுகில் பதினோரு கிலோ.
பார்க்க வேண்டியவை: கோட்டை, ஆர்மீனியன் தெரு,
உயர் நீதிமன்றத்துக்குள் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம்.

கோட்டை வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள்.
அது பையின் அடியில்.
ஜிப் பாதி வழியில் பல்லைக் கடித்துக்கொண்டது.

தேவாலயத்தில் கல்லறைகள் தரையோடு தரையாக.
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாகவே நடந்தேன்,
உள்ளங்கால் சுட.

ஈவ்னிங் பஜாரில் ஜிப் தைக்கும் சையது பாஷா
"மொத்தத்தையும் கொட்டும்மா" என்றார்.
கொட்டினேன்:
டார்ச், கயிறு, உள்பாவாடை, கடலை மிட்டாய்,
போகாத கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டர்.

இரண்டே நிமிடம்.
"டார்ச் எவ்ளோ?"
"கயிறு மீட்டர் கணக்கா, மொத்தமாவா?"
ஊர் பார்க்க வந்தவளை
ஊர் குனிந்து பார்த்தது.

ஸ்வெட்டரைத் தோளில் வைத்து அளந்தாள் ஒருத்தி.
ஏ.டி.எம்.மில் ராத்திரிக் காவலாம்,
உள்ளே ஏசி கொல்லுதாம்.
நூற்றைம்பது என்றேன்.
நூறு என்றாள், ஏற்கெனவே மடித்துக்கொண்டே.

கலங்கரை விளக்கம்
சாலையிலிருந்தே, ஒரு மரத்துக்கு மேலே, கொஞ்சம் தெரிந்தது.
ஜிப்புக்கு எண்பது போக
கையில் இருபது.
இஞ்சி டீ சொன்னேன்.