தண்டர் பே, மைனஸ் முப்பத்தொன்று

கம்பளி அடைத்து, பலகை அறைந்து
கோடை முழுக்க உழைத்தோம்.
ஆனாலும் விடிகாலையில்
திருகாணித் தலை ஒவ்வொன்றிலும் வெண்பனி.
எண்ணினேன். நூற்றுப் பதினேழு.
"எல்லாம் நாங்கள் விட்ட மூச்சுத்தான்,"
போர்வைக்கு வெளியே
மூக்கை மட்டும் நீட்டுகிறாள் சுகிர்தா.

டீசல் ஹீட்டர் இருமுறை இருமி நின்றது.
எரிகலமெங்கும் கரி.
வெண்ணெய்க் கத்தியால் சுரண்டுகிறேன்.

தட்டும் சத்தம்.
பைஜாமாவும் பனிச்சப்பாத்துமாய் ஒரு பெண்.
"என் பார்சல் வந்ததா?"
உரித்த பிறகும் போகவில்லை
வேனின் விலாவில்
பழைய கூரியர் கம்பெனியின் பெயர்.

இல்லை என்றேன்.
உள்ளே எட்டிப் பார்த்தாள்:
கட்டில், கேத்தல், என் கரிக்கை.
பேசாமல் போனாள்.

திரும்பி வந்தபோது
தோளில் சுருள் சுருளாய் மஞ்சள் வயர்,
அதன் மறுமுனை அவள் வீட்டுக்குள்.

உச்சிக்குள்
நூற்றுப் பதினேழும் உருகி
என் தலையணையில் சொட்டின.