முதன்மைச் சாவி

உட்துறைமுக வீதியில் புகைப்படக் கடைக்கு மேல்மாடி.
எட்டுக் கணனி, ஏழில்தான் உயிர்.
செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு வகுப்பு.
திருக்கடலூர் மீனவர் சங்கத்துப் பேரேடு
ஐஸ் ஈரத்தோடு என் மடியில்.
நாற்பத்தாறு வயதில் எழுதிக்கொள்கிறேன்:
ஒரு வரி, ஒரு ஆள்.
ஒரு நிரல், ஒரு கேள்வி.

ஒரு ஆள் என்பதே லேசில்லை.
எங்கள் சங்கத்தில் யோகராசா மூன்று பேர்.
சமுத்திரதேவி நான்கு வள்ளம்.
அதில் ஒன்று போன மாசியில் சமுத்திரராணி ஆகிவிட்டது,
மகள் பிறந்த சந்தோசத்தில் என்கிறார் உரிமையாளர்.
கடன் எந்தப் பெயரில் என்று நான் கேட்கவில்லை,
இரண்டையும் எழுதி வைத்தேன்.
பெயரைச் சுருக்கி எழுதிய பழைய கிளாக்கரால்
அண்ணனும் தம்பியும் ஒரே ஆளாகி
ஒருவர் வாங்கிய வலைக்கு மற்றவர் தவணை கட்டினார்.
இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

மாறாத ஒன்றைத் தேடுங்கள்,
அதுதான் முதன்மைச் சாவி என்றது பாடம்.
மூதூர்க்காரி சபூறா சிரித்துவிட்டாள்.
"எங்கட வயலில சாவி எண்டா
பால் பிடிக்காமப் போன நெல்லு."
திறப்பு என்று எழுதலாமா என்று கேட்டோம்.
பரீட்சைத் தாளில் சாவி என்றுதான் வருமாம்.
சரி, சாவி.

பெயர் மாறுகிறது.
முகவரியைக் கேட்கவே வேண்டாம்:
முகாம், தகரக் கொட்டில், திட்ட வீடு.
அடையாள அட்டை இலக்கம்கூட
ஒன்பதிலிருந்து பன்னிரண்டாக நீண்டுவிட்டது.
கடைசியில் நானே ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டேன்.
அவரவர் எண்ணைத் துண்டில் எழுதி
ஐஸ் வாங்க வந்தவர்களின் கையில் கொடுத்தேன்.
லொத்தர் என்று நினைத்துச் சிலர் சட்டைப் பைக்குள் வைத்தார்கள்.

காப்புப் பிரதிப் பாடத்தை
வகுப்புக்கு முன்னரே மான் நடத்திவிட்டது.
கோட்டை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி
இளநீர் குடித்துத் திரும்புவதற்குள்
கூடைக்குள் தலையை விட்டு
ஒரு ஜூலை மாதத்துச் சந்தாவைத் தின்றுகொண்டிருந்தது.
ஈர மூக்கு. வாயோரம்
செல்லக்கண்டுவின் முந்நூறு ரூபாய்.
மறுநாள் இரண்டு பென்டிரைவ் வாங்கினேன்,
ஒன்று சங்க அலுமாரியில்,
மற்றது வீட்டில், அரிசி டின்னுக்குள்.

ஐந்தாம் வாரம் நீக்கல்.
முப்பத்தேழை எடுத்துவிடு என்று தலைவர் சொல்லியிருந்தார்.
முப்பத்தேழு அமிர்தசீலன்.
பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஓர் இரவு
இருபத்தெட்டுப் பேரோடு
அவுஸ்திரேலியா என்று புறப்பட்ட ட்ரோலரில் ஏறியவர்.
கட்டளையைத் தட்டினேன்.
முடியாது என்றது கணனி.
அந்த எண்ணை நம்பி இன்னோர் அட்டவணை இருக்கிறதாம்.
திறந்து பார்த்தேன்.
மாதம் நூறு ரூபாய், நூற்று நாற்பத்து மூன்று வரி.
கட்டியவர், கலைவதனி.
மான் தின்ற ஜூலை மட்டும் இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கவும் வழி உண்டு,
ஒரு சொல் கூட்டினால் போதும் என்றான்
பாடம் எடுக்கும் பெடியன் நிரோஜன்.
என் மகனைவிட இரண்டு வயது இளையவன்.
விரலை மடக்கிக்கொண்டேன்.

விலகிய திகதி என்ற நிரலில் என்ன போடுவது?
பூச்சியம் போட்டால் அது ஒரு எண்.
கோடு போட்டால் அது ஒரு எழுத்து.
வெறுமையாக விட்டேன்.
வெறுமை என்றால் தெரியாது என்று பொருள்,
ஒரு வெறுமை இன்னொரு வெறுமைக்குச் சமமில்லை
என்று கொப்பியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.
எழுதிய நாளில் பரீட்சைக்கு வரும் என்று மட்டும்
பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

பத்தாம் திகதி மழை.
குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு
கலைவதனி உள்ளே வந்தார்.
நான் வாய் திறக்குமுன்
"முப்பத்தேழு" என்றார்.
ஐந்நூறு ரூபாய்த் தாள். என்னிடம் சில்லறை இல்லை.
மிச்சத்தை
அடுத்த நாலு மாதத்துக்குப் போடச் சொன்னார்.