மார்கழியில் நுங்கு

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, பதினேழாம் எண் அறை.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிவு.
வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்.
"உங்க சாதாரணக் குரல்ல வாசிங்க" என்பேன்.
இந்த அறைக்கு வருகிறவர் யாரிடமும்
அது இருப்பதில்லை.

பத்தியை எழுதியது நான்தான்,
கதைக்காக அல்ல, ஒலிக்காக.
எழுத்தில் ஒரே க.
கல்லுக்கு ஒன்று, தங்கத்துக்கு வேறொன்று என்று
தொண்டைக்கு மட்டும் தெரியும்.
அதனால் முதல் பத்தி இப்படிப் போகும்:
"மார்கழி மாதம். மங்கை வண்டியில் வந்து
நுங்கு வாங்கினாள்."
நானூறு பேர் வாசித்தாயிற்று.
பாங்கு சொல்லும் மோதினார்,
வள்ளியூரிலிருந்து ஒன்றாம் வகுப்பு டீச்சர்.
யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இன்று உச்சிமாகாளி, வயது நாற்பத்தாறு,
நயினார்குளம் மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர்.
கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார்.
மார்கழி எப்படியோ நடந்தது.
மங்கையில் கதவு சாத்திக்கொண்டது.
வ... ண்... டி,
பள்ளத்தில் இறங்கி ஏறிற்று ஒவ்வோர் எழுத்தும்.
திரையில் அலை, எலி கடித்த துணி.

இரண்டாம் பத்தி: பாக்கு, பத்து, சட்டை, கத்தி.
இங்கே கொஞ்சம் தார்ரோடு.
குறித்துக்கொண்டேன்.

"ஒரு தடவை ஏலம் கூறுங்களேன்."
எழுந்து நின்றார். கை தானாக உயர்ந்தது.
"கத்தரி ஒரு மூட்டை முன்னூறே, முன்னூறே,
முன்னூத்திப் பத்தே, பத்தே, பத்தே..."
வராண்டாவில் டோக்கனோடு இருந்தவர்கள்
எட்டிப் பார்த்தார்கள்.
ஒரு கீறல் இல்லை.

உட்கார்ந்ததும் போய்விட்டது.
"வெலை சொல்ல வ... ருது மேடம்.
வீ... ட்டுல மகாட்ட சாப்ட்டியான்னு கேக்கத்தான்
அரை ம... ணி நேரம் ஆகுது.
அப்பாவுக்குக் கோவம்னு நெனைக்கா."

இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஊசி ஒன்று உண்டு, மூன்று மாதம் நிற்கும் என்றேன்.
விலை கேட்டார். சொன்னேன்.
ஏலக்காரர்
குறைத்துக் கேட்கவில்லை.

கதவு வரை போனவர் திரும்பி வந்து
தாளில் விரலை வைத்தார்.
"இது தப்புல்லா. மார்கழில ஏது நு... ங்கு?
ப... னங்... கி... ழங்...
பனங்... கிழங்... குன்னு போ... டுங்க."
முடியும்வரை விரலை எடுக்கவில்லை.

இரண்டு ங், நடுவில் ஒரு ழ.
அவர் தொண்டைக்கு இதைவிடக் கொடுமையான சொல்
நான் தேடியிருந்தாலும் சிக்கியிருக்காது.

நுங்கை அடித்துவிட்டு எழுதினேன்.
வியாழக்கிழமை முதல் டோக்கன் களக்காட்டு அம்மாள்.
மங்கை அவருக்குப் பனங்கிழங்கு வாங்குவாள்.