தடம்

யாஷ் நகரில் ஐந்தாம் எண் ஆடுகளம்.
தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம்.
பார்க்கப் பதினோரு பேர், ஒரு நாய்.

மூன்றாம் செட். மேட்ச் பாயின்ட்.
லுட்மிலா அடித்த பந்து
எதிர்முனைக் கோட்டருகே விழ
'வெளியே' என்றேன்.
அவள் மட்டையால் சுட்டினாள், பேசவில்லை.

உயர நாற்காலியிலிருந்து இறங்கினேன்.
ஆறு படி, முழங்கால் வலி.
போய்ச் சேருமுன்
நெஸ்டான் குனிந்து பார்த்தாள்.
தடத்தைக் காலணியால் தேய்த்து அழித்தாள்.
கைகுலுக்க வலைக்கு நடந்தாள்.

செங்கல் தூளில் ஒரு தீற்றல்.
நீட்டிய என் விரலுக்கு
அங்கே வேலையில்லை.

இரவு, பேருந்து நிறுத்தத்தில்
சூரியகாந்தி விதை கொறித்தபடி கேட்டாள்:
"திபிலீசிக்கு மலிவான டிக்கெட்
எங்கே கிடைக்கும்?"
காலுறை இன்னும் சிவப்பு.
ஆட்டத்தைப் பற்றி
நானும் கேட்கவில்லை.