நாடா

வினிப்பெக்கில் எந்தக் கடையில் கழிப்பறை
எத்தனையாம் வரிசைக்குப் பின்னால் என்று
நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன்.
கறுப்புக் காற்சட்டை தவிர வேறு வாங்கியதில்லை.
தும்மல் வந்தால்
பஸ் கம்பியைப் பிடித்துக் காலைப் பின்னிக்கொள்வேன்.
பதினொரு வருஷம்.

டொக்டர் கேட்டதைத் தொலைபேசியில்
ஒரு பெடியன் தமிழாக்கினான்:
"தங்களுக்குச் சிறுநீர்... கசிவு... எப்போதெல்லாம்?"
பாவம், அவன் குரல் வேர்த்தது.
தம்பி, மூத்திரம் எண்டே சொல்லு.
சிரிச்சால் போகுது, இருமினால் போகுது,
பேக்கரியில மா மூட்டை தூக்கினால் போகுது,
அப்பிடியே சொல்லு அவவுக்கு.
என்ன சொன்னானோ,
டொக்டர் என் கையைப் பிடித்தா.

சுண்டுவிரல் அகலத்தில் ஒரு நாடா.
பாவாடைக்குக் கோர்ப்பது போல
உள்ளே கோர்த்துவிட்டார்கள், அரை மணித்தியாலத்தில்.
சிவபாதத்துக்குச் சொன்னது:
பொம்பிளையளின்ர சின்ன ஒப்பரேஷன்.
மனுசன் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது.
ஏழாம் கிழமை, மைனஸ் முப்பதில்,
பஸ் தரிப்பில் தும்மினேன்.
பொறுத்துப் பார்த்தேன்.
பிறகு இன்னொன்று, பெரிதாக.

ஒன்றுமில்லை.

கால்கள் மட்டும்
பின்னிக்கொண்டு நிற்கின்றன.
அதுகளுக்கு இன்னும்
ஒருத்தரும் சொல்லவில்லை.