ஐந்தரை

கடைக்காரர் கிரிக்ஸ் முதலில் கேட்டது:
"உட்காரப் போகிறீர்களா, தொங்கப் போகிறீர்களா?"

தொங்கத்தான் என்றேன்.
காற்று ஏறினால் எங்கள் கல்திருப்பி ஒருபக்கம் சாயும்.
கால்வாருக்குள் பாதங்களைச் செருகி
முதுகை எஸெக்ஸ் வானத்துக்குக் காட்டாமல்
தண்ணீருக்குக் காட்டி
மல்லாந்தால்தான் அது நிமிரும்.
அப்போது என் எடை மொத்தமும்,
எழுபத்தோரு கிலோ, நனைந்தால் இன்னும் மூன்று,
புறங்காலில் மூன்று விரற்கடைப் பட்டையில்.

முதல் வருஷம் தோட்டத்து ரப்பர் பூட்ஸ்.
முழங்கால்வரை காய்ந்திருக்கும் என்று நம்பினேன்.
ஜூன் மாதம், இரண்டாம் மிதவையைச் சுற்றுகையில்
கவிழ்ந்தோம்.
தண்ணீர் மேல்வழியாக உள்ளே வந்தது,
வந்த வழியே போக மறுத்தது.
இரண்டு வாளிகளை மாட்டிக்கொண்டு நீந்துகிறவளைச்
சுக்கானைப் பிடித்தபடி எனிட் பார்த்தாள்.
சிரிக்கவில்லை.
அது பிறகு, கரையில்,
தேநீர் மூக்கில் ஏறுமளவுக்கு.

அடுத்தது டென்னிஸ் ஷூ.
நாடாவின் கண்ணி ஒன்று கொக்கியில் மாட்ட
பாயின் குறுக்குத்தடி தலைக்குமேல் மாறிய நொடியில்
படகு முழுக்கப் புதுப் பக்கம் போய்விட்டது,
நான் மட்டும் பழைய பக்கத்தில்.
நெற்றியில் ஒரு முட்டை அளவு வீக்கம்.

வெறுங்கால் நல்லதுதான்.
படகு அடுத்து என்ன செய்யப்போகிறது என்பது
உள்ளங்காலுக்குத்தான் முதலில் தெரியும்.
ஆனால் எங்கள் கழிமுகத்தில்
சேற்றுக்குக் கீழே சிப்பி,
சிப்பிக்குக் கீழே யாரோ எறிந்த பாட்டில்.
அப்படி இறங்கிய ராட்னி
பதினோரு நாள் லீவு போட்டான்.

கிரிக்ஸ் மண்டியிட்டு என் காலைப் பிடித்தார்,
வியாபாரத்துக்கு.
கணுக்காலை மூடும் நியோப்ரீன். மெல்லிய அடி.
நாடா கிடையாது. ஜிப், அதன்மேல் ஒரு மடல்.
புறங்காலில் தடித்த ரப்பர்.
"கடையில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும்,
கடலில் தளரும்.
விரல் மடங்கக்கூடாது, குதிகால் எழும்பக்கூடாது."
ஐந்தரை.
எனிடுக்கும் அதே நாளில், அதே பெஞ்சில்,
அதே ஐந்தரை.

இங்கேயே முடித்திருப்பேன்.
செப்டம்பரில் ஓதம் எங்களை விட்டுவிட்டு
வெளியே போனது.
கரைக்கு நாற்பது கஜம்,
நடுவில் தண்ணீரும் இல்லை தரையும் இல்லை.
எனிட் இறங்கினாள், தொடைவரை.
இழுத்ததில் கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.
இடது.
தூக்கிவிட நான் இறங்கினேன்.
வலது.
தோள்வரை கையை விட்டுத் துழாவினோம்.
ஒரு நண்டு கிடைத்தது.
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பதற்கு
இருவர் தேவைப்பட்டோம்.

இன்னொரு ஜோடிக்கு எழுபது பவுண்டு.
பாய்க்கு வேறு தையல் பாக்கி.
மேசைமேல் வைத்துப் பார்த்தோம்:
அவளுடைய வலது, என்னுடைய இடது.
அவளுடையது பெருவிரலோரம் தேய்ந்தது,
என்னுடையது குதிகாலில்.
மற்றவளுக்கு அந்த டென்னிஸ் ஷூ,
நாடாவை வெட்டி, டேப் சுற்றி.

முன்பெல்லாம் சுக்கான் யாருக்கு என்று சண்டை.
இப்போது அந்த ஜோடி நடுவில் கிடக்க
இருவரும் வேறு பக்கம் பார்க்கிறோம்.
போடுகிறவள்
திரும்பி வரும்போது முதலில் இறங்க வேண்டும்.

இன்று நான்.
என் இடது காய்ந்திருக்கிறது,
எனிடின் வலதில் இன்னும் புதன்கிழமைத் தண்ணீர்.
மூன்றே முக்காலுக்கு வற்றம்,
அதற்குள் வந்துவிடுவோம் என்கிறாள்.
செப்டம்பரிலும் அவள்தான் சொன்னாள்.

ஜிப்பில் மணல் கடிக்கிறது.
தண்ணீர் தடவு, ஏறும் என்கிறாள்.
எச்சில் போதும் என்கிறேன்.