செம்பு வாசர்

காலை எட்டுக்கே போன் வந்துவிட்டது:
அம்பகாமத்தில் சிவப்பி காளைக்கு நிற்கிறாளாம்.
விடியக் கத்தினால் பொழுதுபட ஊசி.
அதுதான் கணக்கு.
இடையில் கிடக்கிற பகல்
எனக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்.

ஒலுமடுச் சந்திவரை ஒருதரம் ஓடிவந்தேன்.
சூடாக இருந்தால்தான் ஒயில்
ஊத்தையையும் கூட்டிக்கொண்டு இறங்கும்.

தண்ணீர்த் தாங்கியின் நிழலில்
சீமெந்துக் கல் கொடுத்து நிமிர்த்தினேன்.
ஒரு நிறுவனம் மூட்டைகட்டியபோது ஏலத்தில் விட்ட ட்ரயல் பைக்.
சீற் என்று பெயருக்கு ஒரு பலகை.
பெற்றோல் தாங்கியில் இன்னும் தெரிகிறது
துப்பாக்கிக்குக் குறுக்குக் கோடு போட்ட ஸ்டிக்கர் இருந்த இடம்,
வட்டமாய்,
மற்ற வெள்ளையைவிட வெள்ளையாய்.

பதினேழாம் நம்பர் சாவி.
கைக்கு மசியவில்லை, காலால் மிதித்தேன்.
ணங்.
பேசனுக்குள் கறுப்பு விழுந்தது,
கயிறாக, பிறகு நூலாக,
பிறகு யோசித்து யோசித்து ஒவ்வொரு துளியாக.
நட்டின் நுனிக் காந்தத்தில் மீசைபோல இரும்புத்தூள்.
மூவாயிரம் கிலோமீற்றரில்
எஞ்சின் தன்னைத்தானே இவ்வளவு தின்றிருக்கிறது.

ஒயில் பில்டருக்குப் பள்ளிக்கூடப் பாவாடையின் மடிப்பு.
அதை எறிந்துவிடலாம்.
காற்றுப் பில்டரை எறிய முடியாது,
ஸ்பொஞ்ச், விலை கூட.
மண்ணெண்ணெய்க்குள் அமுக்கினால்
நான் போன வீதிகள் ஒவ்வொன்றாய் வெளியே வரும்.
இந்தச் சிவப்பு கரிப்பட்டமுறிப்புக் கிறவல்,
இந்தச் சாம்பல் குளத்துக் கட்டு,
எல்லாம் வருகிற வருஷம் தார் போடுகிற வீதிகள்.
முறுக்கிப் பிழிந்தால் கிழியும்.
உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்த வேண்டும்,
குஞ்சைப் பிடிக்கிற மாதிரி.

இனி நட்டைப் பூட்டலாம் என்று திரும்பினால்
கல்லின்மேல் வைத்த புது வாசர் இல்லை.
செம்பு வாசர். நூற்றியிருபது ரூபாய்.
மாங்குளத்துக்குப் போய் இன்னொன்று வாங்கலாம்,
போகிற வண்டி ஒயில் இல்லாமல் நிற்கிறது.
பேட்டுக்கோழி ஒன்று
என்னைப் பார்க்காமல் நடந்தது.

பக்கத்து வீட்டுச் சதுர்சன்
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வந்தான்.
செம்பு காந்தத்துக்கு வராது என்று எனக்குத் தெரியும்.
அவன் ஆசைப்பட்டான், விட்டேன்.
முற்றம் முழுக்க இழுத்தான்.
இரண்டு ஆணி வந்தது.
தகரத்துத் திருகாணி, சோடா மூடி, தூண்டில் முள்.
பிறகு நகமளவில் ஒன்று,
ஓரம் சுருண்டு, ஒரு பக்கம் மட்டும் கூராய்.
நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.
அவன் பிடுங்கி ஆணிகளோடு பேணிக்குள் போட்டான்,
கயிற்றைத் திரும்பவும் இழுத்தான்.
அவன் பிறந்தது எல்லாம் முடிந்து நாலாம் வருஷம்.

கழற்றிய பழைய வாசரைத் தேடியெடுத்துத் துடைத்தேன்.
நசுங்கி நசுங்கி இறுகிப்போயிருந்தது.
குறட்டால் பிடித்து
காஸ் அடுப்பில் காட்டினேன், செக்கச் சிவக்கும்வரை.
தண்ணீருக்குள் போட, சுர்.
இரும்பைச் சுட்டு நனைத்தால் இறுகும்.
செம்பைச் சுட்டு நனைத்தால் இளகும்.
பைக்கோடு வந்த, கறையான் பாதி தின்ற கைநூலில்
தின்னாத பாதியில் இருந்தது இது.

பூட்டினேன். புது ஒயில், ஒரு லீற்றரும் கொஞ்சமும்,
தேன் நிறம்.
உதைத்து ஓடவிட்டு
அடியில் பழைய பேப்பர் விரித்துக் குந்தியிருந்தேன்.
சொட்டவில்லை.
இன்னும் பார்த்தேன்.
சொட்டவில்லை.

"கழிவொயில் இருக்கோ தங்கச்சி?"
வேலிக்கு மேலால் அற்புதராசா அண்ணை.
அவருடைய பாலைக் கட்டைகளில் கறையான்.
பேசனோடு கொடுத்தேன்.

மூன்றரை.
திரவ நைதரசன் குடுவையைப் பின்னால் வரிந்து கட்டினேன்.
முழங்காலடியில் கொதிக்கிற எஞ்சின்,
முதுகுக்குப் பின்னால் பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு,
இடையில் நான்.
போன் திரும்பவும் அடித்தது.
"அக்கா, வாறியளோ? இன்னும் நிக்கிறாள்."
"வெளிக்கிட்டிட்டன்."

படலையடியில் குறுக்கே ஓடியது அந்தக் கோழி,
வயிற்றுக்குள் என் நூற்றியிருபது ரூபாயோடு.